ஆசிரியராகப் போகிறவருக்குக் கல்வி அடிப்படைகள் எதற்கு? மட்டக்களப்பு, அம்பாறை ஆசிரிய மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

தாழங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகள், ஆசிரியர் கலாசாலை, பட்டப்பின் கல்வி டிப்ளோமா என்று எந்த வழியால் வந்தாலும், ஆசிரியராகப் போகிறவர் ஆரம்பத்திலேயே கல்வி அடிப்படைகள் என்ற பகுதியைச் சந்திக்க வேண்டியிருக்கும். பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இந்தப் பகுதியை வைத்துத்தான் ஒரு ஆசிரியர் தன் முன்னால் இருக்கும் பிள்ளையைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

கல்வி அடிப்படைகளில் என்னென்ன பாடங்கள் வரும்?

கல்வி மெய்யியல், கல்வி உளவியல், கல்விச் சமூகவியல், கல்வி வரலாறு ஆகிய நான்கும்தான் முக்கியமானவை. சில பாடத்திட்டங்களில் ஒப்பீட்டுக் கல்வியும் கல்விக் கொள்கையும் சட்டமும் சேர்ந்து வரும். பின்னத்தை எப்படிப் படிப்பிப்பது, கட்டுரையை எப்படித் திருத்துவது என்பதெல்லாம் கற்பித்தல் முறையியலுக்குள் வரும். இந்தப் பிள்ளை எப்படிச் சிந்திக்கிறது, எந்த வீட்டிலிருந்து வருகிறது, இந்தப் பாடசாலை எப்படி உருவானது, இங்கே படிப்பிப்பதன் நோக்கம் என்ன என்று கேட்பது அடிப்படைகளின் வேலை.

இது எங்கே தொடங்கிய பாடம்?

பெரிய சிந்தனைகள் எல்லாம் பழையவை. ஆனால் அவற்றை ஒன்றாகக் கட்டி ஆசிரியர் பயிற்சிக்குள் வைத்தது 1930களில், நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில். அமெரிக்கா கடும் பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம் அது. கில்பற்றிக், கவுன்ற்ஸ், ரக் போன்றவர்கள், வரலாறு ஒரு பக்கம் மெய்யியல் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் படித்தால் ஆசிரியருக்குச் சமூகத்தின் பிரச்சினை முழுதாகத் தெரியாது என்று நினைத்தார்கள். ஒரு பிரச்சினையை எடுத்து எல்லாப் பக்கத்தாலும் பார்க்கப் பழக்க வேண்டும் என்பது அவர்களுடைய யோசனை.

பிற்காலத்தில் இந்தத் துறையினர் மூன்று பார்வைகளை வகுத்தார்கள்: விளங்கிக்கொள்ளும் பார்வை, விழுமியப் பார்வை, விமர்சனப் பார்வை. நம்முடைய ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு தாய் ஏன் விடிய ஐந்து மணிக்குப் பிள்ளையை எழுப்பி ரியூசனுக்கு அனுப்புகிறாள் என்று கேட்பது முதலாவது. பத்து வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு போட்டி சரியா என்று கேட்பது இரண்டாவது. இதனால் உண்மையில் யாருக்கு நன்மை, யார் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று கேட்பது மூன்றாவது. கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைத் தெரிந்து மத்திய பாடசாலைக்கு எடுப்பதற்காக 1940களில் வந்த பரீட்சை அது. இன்று ரியூசனுக்குக் காசு கட்ட முடிந்த வீட்டுக்குத்தான் அது அதிகம் வசதியாக இருக்கிறது. எப்படி இப்படி மாறியது என்று யோசிக்கத் தெரிந்த ஆசிரியர், வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளையிடம் பேசும் விதமே வேறாக இருக்கும்.

பாடம் நன்றாகத் தெரிந்தால் போதாதா?

பாடம் தெரியாமல் படிப்பிக்கவே முடியாது. அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் பாடம் மட்டும் தெரிந்தவருக்குப் பிள்ளையின் பிழை வெறும் பிழையாகத்தான் தெரியும்.

தரம் 3 பிள்ளை ஒன்றின் கணிதக் கொப்பியைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது. அடுத்தது 64இலிருந்து 38, விடை 34. அதற்கடுத்தது 71இலிருந்து 46, விடை 35. மூன்றுக்கும் சிவப்புப் பேனையால் பிழை போட்டு, கீழே "கவனம் போதாது" என்று எழுதிவிட்டுப் போகலாம். பல கொப்பிகளில் இதுதான் நடக்கிறது.

ஆனால் மூன்று விடைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது பிள்ளை. ஒன்றினிடத்தில் 2இலிருந்து 7 போகாது, ஆகவே 7இலிருந்து 2ஐ எடுத்துவிட்டது. கவனமில்லாத பிள்ளை மூன்று கணக்கிலும் ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு போகாது. இது கவனமாக யோசிக்கிற பிள்ளை. தானே ஒரு விதியை உண்டாக்கி வைத்திருக்கிறது. பிள்ளைகள் அறிவைத் தாங்களே கட்டியெழுப்புகிறார்கள் என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே சொன்னதை விரிவுரையில் எழுதிக்கொண்டோமே, அது இந்தக் கொப்பியில்தான் இருக்கிறது.

மருந்தும் அங்கேதான். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் பிள்ளையின் கையில் கொடுத்து, "ஏழு தா மகள்" என்று கேளுங்கள். கையில் தனியாக இருப்பது இரண்டுதான். கொஞ்ச நேரம் முழிக்கும். பிறகு ஒரு கட்டை அவிழ்க்கும். அந்த அவிழ்ப்பைக் கண்ணால் கண்ட பிறகு, கடன் எடுப்பது என்ற சொல்லை நீங்கள் சொன்னால் அதற்குப் பொருள் இருக்கும். இன்று உதவியோடு செய்வதை நாளை தனியே செய்யும் என்று ரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கி சொன்ன அண்மித்த விருத்தி வலயம் இதுதான்.

உளவியலில் படிப்பதெல்லாம் அப்படியே உண்மையா?

இல்லை. இதைத் தெரிந்துகொள்வதும் அடிப்படைகளின் ஒரு பகுதி. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அந்தந்த வகைக்கேற்பப் படிப்பிக்க வேண்டும் என்று பல பயிற்சிப் பட்டறைகளில் சொல்கிறார்கள். 2008இல் அமெரிக்க உளவியலாளர் நால்வர் இது தொடர்பான ஆய்வுகளை எல்லாம் எடுத்துப் பார்த்து, அப்படிப் பிரித்துப் படிப்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். படமும் பேச்சும் செய்கையும் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டியவை. ஒரு பிள்ளையைப் பார்த்து "இவன் வாசிக்கிற வகை இல்லை" என்று முத்திரை குத்திவிட்டால், அவனுக்கு வாசிப்புப் பழக்க யார் வருவார்கள்?

கல்விச் சமூகவியல் எங்கள் ஊர்ப் பாடசாலைக்கு எப்படிப் பொருந்தும்?

இந்தக் கேள்விக்கு மட்டக்களப்பைப் போல நல்ல இடம் கிடைக்காது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஒரே மாவட்டம், ஒரே பாடத்திட்டம், ஒரே பாடநூல். ஆனால் இரண்டு கரையிலும் பிள்ளை பாடசாலைக்கு வரும் விதம் வேறு. படுவான்கரையில் பல கிராமங்கள் வயலையும் மாட்டையும் நம்பி வாழ்பவை. ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் எழுவான்கரையிலிருந்து போய் வருகிறவர்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் வாவியைப் படகுப்பாதையில்தான் கடக்க வேண்டியிருந்தது. ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் ஆசிரியர் வீடு திரும்ப வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிள்ளையின் வீட்டையோ வயலையோ அவர் காண வாய்ப்பே இல்லாமல் வருடங்கள் போய்விடும்.

மாசி மாதத்து வரவு இடாப்பை எடுத்துப் பாருங்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே தொடர்ந்து வராதவர் அடையாளம் இருக்கும். "அக்கறையில்லாத பெற்றோர்" என்று ஆசிரியர் அறையில் சொல்வது எளிது. தாயும் தகப்பனும் விடியற்காலையில் வயலுக்குப் போய்விட்டால், சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்வது தரம் 6 படிக்கிற அக்காதான். எல்லைக் கிராமங்களில் யானை வந்த இரவில் வீட்டில் யாரும் நித்திரை கொள்ளவில்லை; மறுநாள் முதலாம் பாடவேளையில் பிள்ளை தலையை மேசையில் வைக்கிறது. அதைச் சோம்பல் என்று எழுதுகிற ஆசிரியரும், "ராத்திரி என்ன நடந்தது மகன்?" என்று கேட்கிற ஆசிரியரும் ஒரே விரிவுரையில் இருந்திருக்கலாம். ஒருவர் சமூகவியலைப் பரீட்சைக்குப் படித்தார், மற்றவர் பிள்ளைக்காகப் படித்தார்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ, சில வீடுகள் பிள்ளைக்குக் கொடுக்கும் பேச்சையும் பழக்கத்தையும் புத்தகங்களையும் பண்பாட்டு மூலதனம் என்றார். பாடசாலை அந்த மூலதனத்தைப் பிள்ளையின் திறமை என்று எண்ணிப் புள்ளி போடுகிறது என்பது அவர் வாதம். நம் ஊரில் இதைப் பேச்சில் காணலாம். வீட்டுப் பேச்சில் பதில் சொல்லும் பிள்ளையை வகுப்பில் சிரித்துத் திருத்தினால், அந்தப் பிள்ளை எழுத்துத் தமிழைக் கற்றுக்கொள்வதற்கு முதல் வாயை மூடக் கற்றுக்கொள்ளும். பேச்சை மதித்துக்கொண்டே எழுத்து வழக்கைக் கற்றுக்கொடுக்கலாம். ஆரம்ப வகுப்பில் நல்ல ஆசிரியர்கள் இதை ஒவ்வொரு நாளும் செய்கிறார்கள்.

பாடநூலில் வரும் குடும்பம் பற்றிய கோட்பாடு நம் குடும்பங்களுக்குப் பொருந்துமா?

முழுதாகப் பொருந்தாது, அதையும் சொல்லித்தான் படிக்க வேண்டும். மேற்கத்தியச் சமூகவியல் நூல்கள் தகப்பன் தலைவனாக இருக்கும் சிறு குடும்பத்தையே பெரும்பாலும் கண்முன் வைத்துப் பேசுகின்றன. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாயின் வழியாகக் குலத்தை எண்ணும் தாய்வழிக் குடி முறை இருக்கிறது. பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதும், தாயின் சகோதரிகள் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பதும் இங்கே சாதாரணம்.

அப்படியானால் பிள்ளையைப் பற்றிப் பேச யாரைக் கூப்பிட வேண்டும்? தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருந்தால் பிள்ளை அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோ இருக்கும். தகப்பனின் கையெழுத்துக்காக மூன்று கடிதம் அனுப்பிவிட்டுப் பதிலில்லை என்று குறைப்படுவதை விட, அந்த அம்மம்மாவை ஒரு நாள் வரச்சொல்லி, ஒரு கதிரை போட்டு இருத்திப் பேசினால் காரியம் நடக்கும்.

இன்னொன்று. சாதாரண தரம் முடிந்ததும் படிப்பை விட்டு வேலைக்குப் போகும் பையன்களில் சிலருக்குப் பின்னால் தங்கையின் வீடு இருக்கிறது. அதைக் கட்டி முடிக்க வேண்டும் என்ற பொறுப்பை அவன் பதினாறு வயதில் தலையில் சுமக்கிறான். அவனிடம் "படிப்பில் ஆசை இல்லையா?" என்று கேட்பது தவறான கேள்வி. அவனுக்கு வேண்டியது வழிகாட்டல்: தொழிற்பயிற்சி பற்றி, பகுதிநேரமாகப் படிக்கக்கூடிய வழிகள் பற்றி, வீட்டாரோடு பேசக்கூடிய ஒருவர் பற்றி. இதற்கு எந்த வெளிநாட்டுக் கோட்பாடும் நேரடியாக விடை தராது. கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழக்கும், அவ்வளவுதான். அது போதும்.

கல்வி வரலாறு மனனப் பாடம்தானே?

ஆண்டுகளை வரிசையாக எழுதினால் மனனப் பாடம்தான். உங்கள் பாடசாலையிலிருந்து பின்னோக்கிப் போனால் அது வேறு கதை.

1814இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலை தொடங்கினார். அடுத்த வருடமே இங்கே இறந்தும் போனார். மிசன் பாடசாலைகள் பெரும்பாலும் கரையோர ஊர்களைச் சுற்றியே எழுந்தன. ஆங்கிலமும் அரச உத்தியோகமும் அந்தப் பக்கமே போயின. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அந்தப் பாடசாலைகளில் படித்து, கொழும்பில் ஆசிரியர் பயிற்சி பெற்று, விஞ்ஞானம் படிப்பித்தவர். பயிற்றப்பட்ட ஆசிரியர் ஒருவர் துறவியானார் என்று சொன்னாலும் சரியே. இராமகிருஷ்ண மிசன் பாடசாலைகளை அவர் பொறுப்பேற்று நடத்தினார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், இங்கே ஒரு கிராமத்துப் பிள்ளை விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். கிழக்கில் ஆசிரியராகப் போகிறவர் அவருடைய பிறந்த நாளில் மாலை போடுவதோடு நிற்காமல், அவர் ஏன் பாடசாலை கட்டினார் என்று படிக்க வேண்டும்.

அப்புறம் 1943இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா தலைமையிலான குழுவின் அறிக்கை, 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி, தாய்மொழியில் படிப்பு. 1960, 61இல் மிசன்கள் போன்றவை அரச பண உதவியோடு நடத்திய உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஐந்து வயது முதல் பதினான்கு வரை கட்டாயக் கல்வி என்பது 1998இல் நடைமுறைக்கு வந்து, 2016இல் பதினாறு வரை நீண்டது. இடைவிலகிய பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போகும் ஆசிரியரின் கையில் இருப்பது இந்தச் சட்டம்தான். வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. கிராமத்துப் பிள்ளைகளுக்காகக் கட்டிய ஒரு மத்திய பாடசாலையின் வளவில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்த வரலாறு அது. இதை மனனம் செய்யத் தேவையில்லை. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் மனதில் நிற்கும்.

இலட்சியவாதம், இயற்கைவாதம் போன்ற மெய்யியல் கொள்கைகள் எல்லாம் வகுப்பறையில் எங்கே வருகிறது?

நீங்கள் கவனிக்காமலே நாளுக்குப் பத்துத் தரம் வருகிறது. யாரை முன் வரிசையில் இருத்துவது, யாரிடம் கேள்வி கேட்பது, பரிசளிப்பு விழாவில் யாரை மேடையேற்றுவது என்று முடிவெடுக்கும்போதெல்லாம் ஒரு மெய்யியல் நிலைப்பாட்டை எடுத்துவிடுகிறீர்கள்.

நம் மரபிலிருந்தே ஒன்றை எடுப்போம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியர் இயல்பும் மாணாக்கர் இயல்பும் இருக்கின்றன. நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை சொல்கிறது. நிலத்தின் பொறுமையும் நிறைகோலின் நடுவுநிலைமையும் இன்றைக்கும் எந்த ஆசிரியருக்கும் வேண்டியவை. அதே நூல் மாணாக்கரை முதல், இடை, கடை என்று பிரிக்கிறது. அன்னமும் பசுவும் முதல், மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரி என்ற நெய் வடிகட்டும் பன்னாடையும் கடை. இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். பிள்ளை பிறவியிலேயே கடை மாணாக்கரா, அல்லது நாம் படிப்பித்த விதத்தால், வீட்டு நிலைமையால் அப்படி ஆனதா? அமெரிக்கக் கல்வி மெய்யியலாளர் ஜோன் டூயியைக் கேட்டால், பிள்ளையின் அனுபவத்திலிருந்து பாடத்தைத் தொடங்காத வகுப்பில் எல்லோரும் ஓட்டைக் குடமாகத்தான் தெரிவார்கள் என்ற பொருளில்தான் பதில் வரும். பிரேசிலில் வயது வந்த கூலித் தொழிலாளர்களுக்கு எழுத்தறிவித்த பாவுலோ பிரேயிரே, தகவலைப் பிள்ளையின் தலையில் வைப்பிலிடும் முறையை வங்கிமுறைக் கல்வி என்று பெயரிட்டுக் கண்டித்தார்.

ஆசிரியர் அறையில் இன்றும் "அது எருமை சேர், விடுங்க" என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வதைக் கேட்கலாம். அந்த ஒரு வசனத்துக்குள் மனிதனைப் பற்றிய முழு மெய்யியல் இருக்கிறது. அதை ஏற்கிறோமா இல்லையா என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடம். நான் ஏற்கவில்லை.

பிரம்பு இல்லாமல் வகுப்பை நடத்த முடியுமா?

முடியும். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005, 2016 சுற்றறிக்கைகள் சொல்கின்றன. சட்டத்துக்குப் பயந்து மட்டும் பிரம்பை வைத்துவிடுகிறவர், அதன் இடத்தில் கேலியை எடுத்துக்கொள்வார்; அது இன்னும் ஆழமாக வெட்டும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டியது இதுதான்: தண்டனை ஒரு நடத்தையைக் கொஞ்ச நேரம் அடக்கும், அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுக்காது. பெற்றோரே வந்து "கண்ணை விட்டுட்டு மற்ற இடமெல்லாம் அடிங்க ரீச்சர்" என்று சொல்லுவார்கள். அவர்கள் பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறார்கள். அந்த ஆசையை மதித்து, அடிக்காமல் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர்களுக்கு விளக்க உங்களால் முடிய வேண்டும். அதற்கு உளவியலும் வேண்டும், மெய்யியலும் வேண்டும்.

போர், சுனாமி, குண்டுவெடிப்பு கண்ட இடத்தில் ஆசிரியரின் பங்கு என்ன?

இப்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். 2004 டிசம்பர் 26ஐ அவர்கள் காணவில்லை. ஆனால் அவர்களை வளர்ப்பவர்கள் கண்டவர்கள். கடல் இரையும்போது தாய் பிள்ளையைக் கடற்கரைக்கு விடமாட்டாள். வருட இறுதி நெருங்கும்போது சில வீடுகள் அமைதியாகிவிடும். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். அவர்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைகள் நம் பாடசாலைகளில் வளர்ந்தார்கள்.

ஆசிரியர் உளநல மருத்துவர் ஆக வேண்டியதில்லை, ஆக முயலவும் கூடாது. திடீரென்று பேச்சை நிறுத்திய பிள்ளை, சத்தத்துக்குத் திடுக்கிடும் பிள்ளை, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரையும் பிள்ளை ஆகியோரைக் கவனிக்கத் தெரிய வேண்டும். வகுப்பில் ஒழுங்கும் அன்பும் மாறாமல் இருக்கச் செய்ய வேண்டும். யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். "உன் அப்பாவைப் பற்றி எழுது" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கும் முன், வகுப்பில் அப்பா இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று யோசித்தால் அதுவே பெரிய உதவி.

தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரிந்திருக்கும் இடத்தில் இந்தப் பாடம் என்ன செய்யும்?

அடுத்தடுத்த ஊர், ஒரே மொழி, ஒரே பாடநூல், ஆனால் பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்திக்காமலே பாடசாலைக் காலத்தை முடித்துவிடுகிறார்கள். ஆசிரியர் பயிற்சியில்தான் பலருக்கு முதல் தரம் மற்றச் சமூகத்து நண்பர் ஒருவர் கிடைக்கிறார், ஒரே குழுவில் இருந்து ஒப்படை செய்கிறார்கள். இதை ஒப்படையோடு விட்டுவிடக் கூடாது. இரண்டு சமூகத்திலும் குடி முறை எப்படி இருக்கிறது, நோன்புக் காலத்தில் வகுப்பு எப்படி நடக்கிறது, கோயில் திருவிழாக் காலத்தில் வரவு எப்படி இருக்கிறது என்று சேர்ந்து தேடி எழுதினால், அது எந்த நல்லிணக்கக் கருத்தரங்கை விடவும் நன்றாக வேலை செய்யும்.

"கல்லூரியில் படித்ததை எல்லாம் கேற்றுக்கு வெளியே வைத்துவிட்டு வாங்கோ" என்று மூத்த ஆசிரியர் சொன்னால்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற எண்ணத்தில் சொல்கிறார். அவரோடு வாதாட வேண்டாம். முப்பது வருடம் வகுப்பில் நின்றவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. அவர் சொல்லும் கதைகளைக் கேளுங்கள். அவரும் கோட்பாடு வைத்துத்தான் நடக்கிறார். "ஆம்பிளைப் பிள்ளை கணக்குச் செய்யும், பொம்பிளைப் பிள்ளை மனப்பாடம் செய்யும்" என்பதும் ஒரு கோட்பாடுதான். அது சோதித்துப் பார்க்கப்படாத கோட்பாடு. அவருடைய வகுப்பிலேயே கணக்கில் முன்னிற்கும் பெண் பிள்ளையின் கொப்பியைப் பணிவாகக் காட்டினால் போதும்.

மனனம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். எப்படிப் படிப்பது?

குறிப்புப் படிப்பதைக் குறையுங்கள். ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் நீங்கள் நேரில் கண்ட ஒரு பிள்ளையை எழுதுங்கள், பெயர் வேண்டாம். பசி போன்ற அடிப்படைத் தேவை தீர்ந்த பிறகுதான் மேல் தேவைகள் வரும் என்ற மாஸ்லோவின் தேவைப் படிநிலையைப் படித்தால், காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளை பத்து மணிக்கு எப்படி இருந்தது, இடைவேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். பொருந்தாத இடத்தையும் எழுதுங்கள். பசியோடு வந்தும் ஆர்வமாகப் படித்த பிள்ளையைக் கண்டிருப்பீர்கள். பரீட்சை விடையிலும் இப்படி ஒரு உள்ளூர் உதாரணம் இருந்தால், மனனம் செய்த பத்து வரியை விட அதற்கு மதிப்பு அதிகம்.

விரிவுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய கையேட்டைச் சொல்லச் சொல்ல எழுதவைக்கும் வகுப்பில் பிரேயிரேயைப் படிப்பிப்பது பொருந்தாது. ஒரு பாடவேளையையாவது ஒரு கொப்பியையோ ஒரு வரவு இடாப்பையோ நடுவில் வைத்துப் பேசப் பயன்படுத்துங்கள்.

இந்தப் பகுதியில் எங்கே படிக்கலாம்?

உயர்தரம் முடித்தவர்களுக்குக் கல்வியியற் கல்லூரிகளில் தேசிய கற்பித்தல் டிப்ளோமா இருக்கிறது. மூன்று வருடம், இரண்டு வருடம் கல்லூரியில், மூன்றாவது வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. பயிற்சியில்லாமல் ஏற்கனவே சேவையில் இருப்பவர்களுக்கு ஆசிரியர் கலாசாலை. பட்டதாரிகளுக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் திறந்த பல்கலைக்கழகமும் தேசிய கல்வி நிறுவகமும் தமிழ்மொழியில் நடத்துகின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை இருக்கிறது. அனுமதித் தகுதியும் பாடத்திட்டமும் அவ்வப்போது மாறும், ஆகவே அந்தந்த நிறுவனத்தின் அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டதாரியாக நேரே நியமனம் கிடைத்து வந்துவிட்டேன். இனிப் படித்துப் பயனுண்டா?

உங்களுக்குத்தான் பயன் அதிகம். ஏற்கனவே வகுப்பில் நின்று தடுமாறிய அனுபவம் உங்களிடம் இருக்கிறது. டிப்ளோமாவில் ஒரு கோட்பாட்டைக் கேட்கும்போது "அட, என் தரம் 8 பிள்ளை இதுதானே" என்று மனம் உடனே ஓடும்.

கட்டுறுப் பயிற்சிக்குப் போகிறேன். முதல் வாரத்தில் என்ன பார்க்க வேண்டும்?

அதிபரிடம் அனுமதி கேட்டு மூன்று புத்தகங்களைப் பாருங்கள். முதலாவது சம்பவத் திரட்டுப் புத்தகம். வெள்ளம், இடம்பெயர்வு, புதுக் கட்டடம் என்று பாடசாலையின் வரலாறு அதில் இருக்கும். இரண்டாவது சேர்விடாப்பு, பிள்ளைகள் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள், பாதுகாவலர் என்று யாருடைய பெயர் இருக்கிறது, எந்த வகுப்போடு விலகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றாவது உங்கள் வகுப்பின் கடந்த வருட வரவு இடாப்பு. எந்த மாதத்தில் யார் தொடர்ந்து வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு நாள் பாடசாலை விட்டதும் பஸ்ஸுக்கு ஓடாமல், வகுப்பில் அதிகம் வராத பிள்ளையோடு வீடு வரைக்கும் நடந்துபோய், வாசலில் இருக்கிற அம்மம்மாவுக்கு வணக்கம் சொல்லி, நீங்கள் யார் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அன்றைக்குப் பிள்ளையின் வரவைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். அடுத்த தரம் கேட்கலாம்.